வெள்ளிச் சிமிழின் அடிப்புறம்

ருஷிய நாட்டுப் பழைய வெள்ளிச் சிமிழ் ஒன்று கையிற் கிடைக்குமாயின், அதனைக் கவிழ்த்துப் பார்த்தலே முதற்கண் செய்யத்தக்கது. மூடியின் சித்திரம் கண்ணை மயக்கும்; அடிப்புறத்தும் மூடியின் உட்புறத்தும் பொறித்த சிற்றெழுத்துக்களே அதன் ஊரையும் காலத்தையும் உரைப்பன. இச்சிமிழ்களைத் தொகுப்போர் மேலைநாடுகளிற் பலர். என்னிடம் ஒன்றேனும் இல்லை. நூல்களிலும் ஏலப் பட்டியல்களிலும் அவற்றைப் பயின்றவன் யான். ஏட்டுச்சுவடி படித்துப் பழகிய கண்ணுக்கு அப்பயிற்சி அயலானதாகத் தோன்றவில்லை.

பழஞ்சிமிழ்கள் பல மூக்குத்தூள் இடுதற்கென எழுந்தவை; சிகரட்டுப் பேழைகள் பின்வந்தவை. ருஷியாவிற் புகையிலை முன்னர் விலக்கப்பட்ட பொருள். 1649ஆம் ஆண்டின் சட்டக்கோவை அக்குற்றத்துக்கு மூக்கைக் கீறும் தண்டனையையும் விதித்தது. 1697இல் முதலாம் பீற்றர் மன்னர் தடையை நீக்கவே, கீறுண்ட மூக்குக்கு வெள்ளியிற் சிமிழ் வந்தது! மூக்குத்தூளின் பெருமையைப் பண்டிதர்க்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெள்ளியின் மாற்றுக்கு முத்திரை வகுத்து 1700இல் ஆணை பிறப்பித்தவரும் அம்மன்னரே.

சிமிழ்களிற் பெரும்பாலும் காணப்படுவது 84 என்னும் எண். புதியோர் அதனை ஆண்டென மயங்குவர். ருஷிய இறாத்தல் ஒன்று 96 சொலொத்னிக் நிறையுடையது. அந்த 96இல் 84 பங்கு தூய வெள்ளி என்பதே பொருள், ஆயிரத்துக்கு 875. எஞ்சியது பெரிதும் செம்பு. 1899க்கு முன் நகரச் சின்னமும், மாற்றுப் பார்த்த அலுவலரின் முதலெழுத்துக்களும், ஆண்டும் உடன் நிற்கும். மொஸ்கோவுக்குப் பாம்பரக்கனைக் குத்தும் குதிரைவீரன். பீற்றர்ஸ்பேர்க்குக்குக் குறுக்கிட்ட இரு நங்கூரங்களும் செங்கோலும். 1899இற் பழைய ருஷிய முடியணிந்த பெண்ணின் தலை முத்திரையாயிற்று. 1908 வரை அவள் இடப்புறம் நோக்குவாள், பின்னர் வலப்புறம். அதன்பின் ஊரைச் சுட்டக் கிரேக்க எழுத்து வந்தது: பீற்றர்ஸ்பேர்க்குக்கு அல்பா, மொஸ்கோவுக்கு டெல்ற்றா.

போலி செய்வோர் ஓர் எழுத்தை எளிதிற் பொறித்துவிடுவர். எல்லாம் ஒன்றோடொன்று இயையப் பொறித்தலே அரிது. வலப்புறம் நோக்கிய பெண்டலையும் 1890 என்ற ஆண்டும் ஒரே சிமிழில் நிற்குமாயின், தளை தட்டிய வெண்பாவைக் கேட்டாற்போற் செவி கூசும். இடைச்செருகல் என்று துணியலாம்.

இதனாற் காசு இழக்கும் செல்வரைப் பற்றி யான் பெரிதும் வருந்துவதில்லை. என் வருத்தம் வேறு. போலி செய்வோர் எப்போதும் புதுச்சிமிழ் செய்வதில்லை. பெயரறியாத தட்டான் ஒருவன் மெய்யாகவே செய்த பழஞ்சிமிழை எடுத்து, அவனுடைய முதலெழுத்துக்களைத் தேய்த்துவிட்டு, ஃபபெர்ஜே என்னும் புகழ்ப்பெயரை ஏற்றுவதும் உண்டு. அத்தட்டான் உலகில் விட்டுச்சென்ற அடையாளம் அவ்விரண்டு எழுத்துக்களே, அவையும் போயின. ஃபபெர்ஜே நிறுவனமோ தன் பீற்றர்ஸ்பேர்க் பட்டறைத் தலைவர் தத்தம் முதலெழுத்தைப் பொறிக்க இடந்தந்தது. ஹென்றிக் விக்ஸ்த்ரெம் பட்டறைப் பேழைகளில் அவர் எழுத்துக்களைக் காணலாம். பெரும்புலவர் பெயரைச் சிறு பாட்டின்மேல் ஏற்றிய வழக்கு நம்மவரிடத்தும் இல்லாமலில்லை.

சிமிழ்களுள் என் உள்ளத்தைக் கவர்ந்தவை வடபுலத்து வெலிக்கி உஸ்தியுக் நகரத்தவை. வெள்ளித் தகட்டிற் சித்திரம் வெட்டி, வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் என்பவற்றைச் சேர்த்துருக்கிப் பொடித்த கருந்தூளை அப்பள்ளங்களில் நிரப்பிச் சூடேற்றுவர். அது உருகிப் படிந்தபின் மேற்பரப்பை அராவி மெருகிடுவர். நகரக் காட்சிகள் வெண்மையிற் கருமையாய் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கலை அருகியது. மிகயீல் சிர்கோவ் என்னும் முதியவர் அதனை அழியாது காத்துப் பிறர்க்குக் கற்பித்தார். 1933இல் அந்நகரிற் கூட்டுறவுப் பட்டறை ஒன்றும் எழுந்தது. இத்தகைய சிமிழைக் குத்துவிளக்குத் துலக்குமாப்போல் தேய்ப்பவரிடம் அதனைக் கொடுத்தலாகாது. கருமை ஆழமற்றது, முத்திரையும் அவ்வாறே.

பெயர் தேய்த்தழித்த சிமிழை அறிதற்கு எளிய வழியொன்றுண்டு. ஐயுற்ற இடத்தில் வாயால் மெல்ல ஊதுக. மூச்சின் ஈரம் வெள்ளியிற் படியும் அக்கணத்தில், முன்பு கண்ணுக்குத் தோன்றாத ஒட்டுவேலையின் விளிம்பும், சிலவேளை பழைய எழுத்தின் சாயலும் புலப்பட்டு மறையும்.