வெள்ளத்தை முன்னறிதல்: செய்மதிப் படமும் வயலோரக் குறியும்

ஆற்றோரக் கமக்காரருக்கு வெள்ளம் புதிதன்று. எனினும், அது எவ்வயலை எட்டும், எத்தனை நாள் நிற்கும் என முன்னரே அறிதல் அரிது. 2011ஆம் ஆண்டு தை, மாசி மாதங்களிற் பெய்த பெருமழையால் கிழக்கு மாகாணத்திற் பெரும்போக நெல்வயல்கள் பரந்த அளவில் மூழ்கி அழிந்தன.

இந்நாளில் வெள்ளத்தின் போக்கு கணினியாற் கணிக்கப்படுகின்றது. மழைவீழ்ச்சி, மண்ணின் தன்மை, நிலத்தின் சாய்வு என்பவற்றைக் கொண்டு ஆற்றில் மணிதோறும் வரும் நீரின் அளவு முதலிற் கணிக்கப்படும். பின்னர் ஆற்றின் அகலம், ஆழம், கரையின் உயரம் என்பவற்றைக் கொண்டு, அந்நீர் கரைகடந்து எங்கெங்கே பரவும் என்பது கணிக்கப்படும்.

கணிப்புச் சரியானதா என ஒப்புநோக்கச் செய்மதிப் படம் உதவும். 2014ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்ரினல்-1 வகைச் செய்மதிகள் ராடார் அலைகளாற் படம் பிடிக்கின்றன. ஆதலால் முகிலும் இரவும் அவற்றுக்குத் தடையல்ல. அமைதியான நீர்ப்பரப்பு அப்படத்திற் கருமையாகத் தோன்றும்.

ஆயினும் சில குறைகள் உள. உழவுக்காக நீர் கட்டிய வயலும் வெள்ளம்போலக் கருமையாகவே தோன்றும். நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் நெற்பயிர் கீழுள்ள வெள்ளத்தை மறைத்துவிடக்கூடும். அன்றியும், ஒரு செய்மதி அதே பாதையில் மீண்டும் வருவதற்கு 12 நாட்கள் செல்லும். இடையில் வெள்ளம் ஏறி வடிந்துவிடின், அதன் உச்சம் படத்தில் இராது. மூழ்கிய வயல் மூழ்காததாகக் கணிக்கப்படின், அடுத்த முறை அவ்விடத்துக்கு எச்சரிக்கை கிடையாமற் போகலாம்.

இக்குறையை நிரப்ப வல்லவர் அவ்வயலின் கமக்காரரே. அவர் செய்யவேண்டியவை:

1. வெள்ளம் எட்டிய உச்ச மட்டத்தைச் சுவரிலோ, மரத்திலோ மையினாற் குறித்து, நிலத்திலிருந்து அதன் உயரத்தை அளத்தல்.
2. நீர் ஏறிய நாளையும் நேரத்தையும், வடிந்த நாளையும் எழுதி வைத்தல்.
3. அப்போது வயல் உழவிலிருந்ததா, பயிர் நின்றதா எனக் குறித்தல்.
4. இவ்விவரங்களைக் கமக்காரர் அமைப்பின் மூலம் கமநல சேவை நிலையத்திற் கொடுத்தல்.

இக்குறிப்புகள் கமக்காரருக்கும் பயன்படும். நீர் ஆண்டுதோறும் தேங்கும் தாழ்நிலத்தில் மிளகாய், கத்தரி போன்ற மரக்கறிகளை நடாது மேட்டுநிலத்தை நாடலாம். அன்றேல் பாத்திகளை உயர்த்தி, வடிகாலை மழைக்கு முன்னரே துப்புரவாக்கலாம். வெள்ள எச்சரிக்கை பற்றி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத் தொலைபேசியில் விசாரிக்கலாம்.

வானிலிருந்து எடுத்த படம் நீரின் பரப்பைக் காட்டும். அது ஏறிய உயரத்தைச் சொல்வது வயலோரத்து மைக்கோடேயாகும்.