இருத்தலும் நடத்தலும்

'இரு' என்னும் வினைக்கு உயிரோடுளனாதல் என்பது ஒரு பொருள். உட்காருதல் என்பது மற்றொரு பொருள். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தாரை "இருங்கோ" என உபசரிக்கும்போது கதிரையையே காட்டுகின்றோம். சொல் ஒன்றாயினும் பொருள்கள் ஒன்றோடொன்று முரணுதலும் உண்டு. நாள் முழுதும் கதிரையில் இருப்பவர் நெடுங்காலம் இருப்பாரோ என்பதே இன்றைய மருத்துவ அறிஞர் எழுப்பும் வினா.

சொல்லாராய்தல் எனது தொழில், உடலாராய்தல் அன்று. எனினும், இரண்டாண்டுகளின் முன் என் இரத்தத்திற் சீனி எல்லையை அணுகிவிட்டதெனக் கூறிய வைத்தியர், "நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் இருக்கின்றீர்கள்?" என வினவினார். கொப்பி திருத்தல், பாடக்குறிப்பெழுதல், வாசித்தல் யாவற்றையுங் கூட்டினேன்; ஒன்பது மணியாயிற்று. என் தந்தையார் நீரிழிவினால் ஒரு காலை இழந்தவர். ஆதலின் அவ்வினா என்னைச் சுட்டது. அன்று கற்ற பாடத்தையே ஈண்டுக் கூறுகின்றேன்.

இவ்வாராய்ச்சி புதியதன்று. இத்தாலிய மருத்துவர் இரமசீனி 1700 ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூலியற்றியபோது, தையற்காரர் முதலாய இருந்து வேலை செய்வோர் படுந் துன்பங்களையும் எடுத்துரைத்தார். விழா நாட்களிலேனும் உடலை அசைக்குமாறு அவர்களுக்கு அறிவுரையும் பகர்ந்தார்.

1953 இல் மொறிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு பெரும் புகழ் வாய்ந்தது. இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பஸ் வண்டிகளிற் சாரதி இருந்தபடியே தொழில் செய்வார்; நடத்துநரோ நாடோறும் நூற்றுக்கணக்கான படிகளில் ஏறியிறங்குவார். நடத்துநரிடையே மாரடைப்புக் குறைவாகவும், வந்தவிடத்துக் கடுமை குறைந்ததாகவுங் காணப்பட்டது. சாரதிகளின் சீருடைகள் இடையளவிற் பெரியன என்பதையும் அவரே 1956 இல் எடுத்துக்காட்டினார். ஆகவே வேற்றுமை முழுவதும் படிகளால் விளைந்தது என்று துணிதல் பொருந்தாது. ஆயினும், பின்வந்த ஆய்வுகள் பலவும் அசைவின் நன்மையை வலியுறுத்தின.

காரணம் யாது? கெண்டைக்காற்றசை சுருங்குந்தோறும் நாளங்களை அழுத்திக் கீழுள்ள இரத்தத்தை இருதயத்தை நோக்கி மேலேற்றுகின்றது. இயங்குந் தசை இரத்தத்திலுள்ள சீனியையும் உட்கொள்ளுகின்றது. நாம் அசைவற்று இருக்கும்போது இவ்விரு தொழில்களுந் தளர்கின்றன. அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2012 இல் வெளியிட்ட பரிசோதனையொன்றில், இருபது நிமிடத்துக்கொருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெல்ல நடந்தோருக்கு, உணவின் பின் ஏறும் சீனி, இடைவிடாது இருந்த நாளிலும் பார்க்கக் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2020 இல், இருக்கும் நேரத்தைக் குறைத்து அவ்விடத்தில் இலேசான அசைவையேனும் புகுத்துதல் நன்மை பயக்கும் என அறிவித்தது. வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புச் செய்தல் வேண்டும் எனவும் அது கூறுகின்றது. ஆகவே, மெல்லசைவு விளையாட்டுக்கும் வேகநடைக்கும் மாற்றாகாது, கதிரைக்கே மாற்றாகும்.

நம் முன்னோர் துலா மிதித்தும் உரலிடித்தும் வாழ்ந்தனர். அவ்வுழைப்பை நீரிறைக்கும் பொறியும் அரைக்கும் ஆலையும் ஏற்றுக்கொண்டன. அதனை வருந்துவதிற் பயனில்லை. இழந்த அசைவை வேறு வழியால் மீட்டலே அறிவுடைமை. மாணவர்காள், அரைமணிக்கொருமுறை புத்தகத்தைக் கையிலேந்தி முற்றத்தில் உலாவிப் படியுங்கள். ஆசிரிய நண்பர்களே, மேசையை விட்டெழுந்து வாங்குகளுக்கிடையே நடந்து கற்பியுங்கள். கந்தோர்களிற் பணிபுரியும் பழைய மாணவர்களே, தொலைபேசியில் நின்று பேசுங்கள். உண்டபின் சாய்மனைக் கதிரையை நாடுமுன் படலை வரை சென்று மீளுங்கள். நெஞ்சு நோவோ காற்புண்ணோ உடையார் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.

யான் இப்பொழுது கொப்பிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தும் முடிந்ததும் எழுந்து நடக்கின்றேன். சீனி மேலும் ஏறவில்லை. என் கால்கள் இரண்டும் என்னுடனேயே உள.

யூபிலி விழாவிற் சொற்பொழிவுகள் நீளுமாயின், அன்பர்கள் சற்றே எழுந்து மண்டபத்தின் புறத்தே உலாவி வருக. பேசுவோர் வருந்தார். அடுத்த யூபிலிக்கும் நாம் அனைவரும் இருத்தல் வேண்டுமன்றோ?