குலைநோய்ப் பூசணமும் கோ 39 நெல்லும்

மார்கழிப் பனியில் தலைசாய்ந்து நிற்கும் நெற்கதிரின் கழுத்துப் பகுதி சில நாள்களில் கறுத்து ஒடிகிறது. மணிகள் பாலேறாமல் வெளுத்துப் பதராகின்றன. நாற்றுக்கும் உரத்துக்கும் ஆட்கூலிக்கும் செலவிட்டு முடித்தபின், அறுவடையை எதிர்நோக்கும் வேளையில் நேரும் இழப்பு இது. ஆதலால் பவானிப் பாசன உழவர் முதல் காவிரிக் கடைமடை உழவர் வரை அனைவரும் குலைநோயைப் பெரிதும் அஞ்சுவர். 1919ஆம் ஆண்டில் தஞ்சை வடிநிலத்தில் இந்நோய் பெருஞ்சேதம் விளைவித்தது.

இதற்குக் காரணம் மேக்னபோர்த்தே ஒரைசே என்னும் பூசணம். அதன் வித்து, பனித்துளி படிந்த இலையில் ஒட்டி முளைத்து, கருநிறக் குமிழ் ஒன்றை உருவாக்குகிறது. மகிழுந்துச் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு அழுத்தம் அக்குமிழுக்குள் திரள்கிறது. அவ்வழுத்தமே முளையை ஆணியெனச் செலுத்தி இலையின் தோலைத் துளைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரிக்கு இத்துணை வலிமையா என்று வியக்கத் தோன்றும்.

கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இப்பகையை எதிர்க்கும் இரகங்களைத் தேடியது. நோயைத் தாங்கும் கோ 4 இரகத்தை, எளிதில் நோய்க்கு ஆளாகும் ஆடுதுறை 10 இரகத்துடன் கலந்து கோ 25 உருவாக்கப்பட்டது. எனினும், எதிர்ப்பாற்றலுள்ள இரகம் என வெளியிடப்படும் நெல், சில ஆண்டுகளிலேயே நோய்க்கு இரையாவதும் உண்டு. நெல் மாறுவதில்லை, மாறுவது பூசணமே.

அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? பெரும்பாலான நெல்வயல்களில் இப்பூசணம் பாலினக் கலப்பின்றியே பெருகுகிறது. ஒரு புள்ளியிலிருந்து ஓரிரவில் வெளிப்படும் ஆயிரக்கணக்கான வித்துகள் தாயின் படிகளே. இந்நிலையில் பூசணம் மாறாதிருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், அதன் மரபணுத்தொகுதியில் இடம்பெயரும் துணுக்குகள் பல உள்ளன. அவை ஒரு மரபணுவின் நடுவே புகுந்து அதைச் செயலிழக்கச் செய்யலாம். சில வேளைகளில் மரபணு முழுவதுமே நீங்கிவிடுவதும் உண்டு. நெற்பயிர் பகையை அறிந்துகொள்வது, பூசணம் சுரக்கும் சில புரதங்களைக் கொண்டுதான். அப்புரதத்துக்குரிய மரபணு சிதைந்தால், பகை வாசலில் நின்றும் பயிர் அதனை அறியாது.

இதற்குக் கோயம்புத்தூர் நெல்லே தக்க சான்று. கோ 39 குலைநோய்க்கு எளிதில் ஆளாகும் இரகம். அக்குறையே ஆய்வுக்கு நிறையாயிற்று! பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதனை அடிப்படையாகக் கொண்டு, ஓர் எதிர்ப்பு மரபணுவில் மட்டும் வேறுபடும் நெல் வரிசைகளை உருவாக்கியது. பின்னர், கோ 39 இரகமும் முற்றிலும் காப்பற்றதன்று எனத் தெரியவந்தது. புல்லைத் தாக்கும் பூசண இனத்தின் ஒரு மரபணுவைக் கோ 39 அடையாளம் கண்டு தடுக்கிறது. அம்மரபணுவுக்கு ஏவிஆர்1-கோ39 எனப் பெயரிடப்பட்டது. நெல்லைத் தாக்கும் இனங்களில் பெரும்பாலானவை அம்மரபணுவை இழந்துவிட்டன. அதனாலேயே அவை கோ 39 வயலில் தடையின்றிப் பரவுகின்றன.

ஆகவே, இன்றைய பயிர்ப்பெருக்க வல்லுநர், ஓர் எதிர்ப்பு மரபணுவை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றை ஒரே இரகத்தில் அடுக்குகின்றனர். ஒன்றிலிருந்து தப்பும் பூசணம் மற்றொன்றில் அகப்படும். ஒரே வித்து மூன்றிலும் தப்புதல் அரிது.