பாட்டிக்கு பார்த்த வேலைக்கு நிமிடக்கணக்கு!
ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் எல்லாமே கம்ப்யூட்டர்தான்

நர்சிங் படித்துவிட்டு ஆஸ்திரேலியா போன நம்ம ஊர் பிள்ளைகளில் பலர் அங்குள்ள முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கிறார்கள். அங்கே பாட்டியை குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. உடனே சாப்ட்வேரிலும் பதிய வேண்டும். ஏன் இந்த கெடுபிடி? விவரம் வருமாறு:-

முதியோர் இல்ல செலவில் பெரும்பகுதியை அங்குள்ள மத்திய அரசு கொடுக்கிறது. கொடுத்த பணத்துக்கு கணக்கு கேட்கிறது.

பழைய முறை

2008 முதல் 2022 வரை 12 கேள்விகள் கொண்ட படிவத்தை இல்லமே பூர்த்தி செய்யும். முடியாதவர் என்றால் பணம் அதிகம். சோதனைக்கு அதிகாரி வரும்போது ரெக்கார்டு இல்லை என்றால் பணம் 'கட்'.

புது முறை

2022 அக்டோபர் 1-ந்தேதி இது மாறியது. இப்போது வெளியாள் நேரில் வந்து முதியவரை பார்க்கிறார். நிரந்தரமாக தங்குபவர்கள் 13 பிரிவாக பிரிக்கப்படுகிறார்கள். பிரிவுக்கு ஏற்ப பணம். உடல்நிலை மோசமானால் இல்லம்தான் மறுமதிப்பீடு கேட்க வேண்டும். எப்போதிருந்து முடியவில்லை என்பதை காட்ட தினசரி பதிவுதான் கைகொடுக்கும்.

215 நிமிடம்

2024 அக்டோபர் முதல் ஒருவருக்கு தினமும் சராசரியாக 215 நிமிடம் கவனிப்பு தரவேண்டும். அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்சு பார்க்க வேண்டும். சமையல், துணி துவைப்பது இந்த கணக்கில் வராது. யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்பதை 3 மாதத்துக்கு ஒருமுறை அரசுக்கு காட்டவேண்டும்.

எடையும் முக்கியம். 60 கிலோ இருந்தவர் 3 மாதத்தில் 3 கிலோ இளைத்துவிட்டால் அதுவும் அரசு கணக்கில் ஏறும். முதியவரை யாராவது அடித்தது போன்ற பெரிய சம்பவம் நடந்தால் 24 மணி நேரத்தில் தகவல் போகவேண்டும்.

டிக் போட்டால் போதுமா?

எழுதாத வேலை செய்யாத வேலை என்பார்கள். ஆனால் செய்யாத வேலையை எழுதுவதுதான் ஆபத்து. மாத்திரை கொடுக்காமல் அவசரத்தில் 'கொடுத்தாச்சு' என்று டிக் போட்டால், அடுத்த ஷிப்டு நர்சு அதை நம்பி விட்டுவிடுவார். கம்ப்யூட்டரில் கணக்கு சரியாக இருக்கும். பாட்டிக்குத்தான் மாத்திரை கிடைத்திருக்காது.