பம்பு அறையில் எழும் மின்தீ

மின்சாரம் தொட்டால்தான் தீங்கு செய்யும் என்பது கிராமங்களில் பரவலாக உள்ள எண்ணம். சென்ற கோடையில் நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நேர்ந்த விபத்து, அது தவறு என்பதை நமக்கு உணர்த்திற்று. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் பம்பு அறையில் பியூஸ் போயிற்று. தெருக்குழாயில் குடங்கள் வரிசையில் நின்றன. அறையில் மாற்றுக் கம்பி இல்லை. பம்பு இயக்குபவர் கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைக் கட்டி, மெயின் சுவிட்சை அணைக்காமலே பியூஸ் கட்டையைச் செருகினார். அவர் கை எக்கம்பியிலும் படவில்லை. ஆயினும் பெட்டியிலிருந்து சீறியெழுந்த பிழம்பு முகத்தையும் கைகளையும் பொசுக்கிவிட்டது. உள்ளே பல்லியொன்று இரு முனைகளுக்கிடையே கருகிக் கிடந்ததைப் பின்னர் கண்டோம்.

இரு முனைகளுக்கிடையே காற்றினூடே மின்சாரம் பாய்ந்து எரிவதை மின்வில் என்பர். வெல்டிங் பட்டறையில் இரும்பை உருக்குவதும் இதுவே. அங்கே வில்லின் குறுக்கே இருப்பது 20 முதல் 40 வோல்ட்டுதான். பம்பு அறையிலோ 415 வோல்ட்டு. ஆகவே, ‘இது உயர் அழுத்தம் அன்றே’ என்று அலட்சியம் செய்வதற்கில்லை. தீங்கின் அளவு, பாயும் ஆம்பியரையும் அது பாயும் நேரத்தையும் பொறுத்தது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு அண்மையில் கம்பிகள் ஒன்றோடொன்று மோதினால் 2,000 ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். வில்லின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பையும் விஞ்சவல்லது. செம்பே ஆவியாகி வெடித்துச் சிதறும்.

அந்த நேரத்தைக் குறைப்பதே பியூஸின் வேலை. 5 குதிரைசக்தி மோட்டார் ஓடுகையில் ஏறத்தாழ 7½ ஆம்பியரே கொள்ளும். அதற்குரிய மெல்லிய கம்பி இமைப்பொழுதில் உருகித் தீயை அறுத்துவிடும். தடித்த கம்பியானால் வில் நின்றெரியும். பியூஸ் அடிக்கடி போவது பியூஸின் குறையன்று. வேறெங்கோ உள்ள பழுதை அது அறிவிக்கிறது.

இயக்குபவரின் அவசரமே காரணம் என்று ஊரார் கூறினர். நாம் அதனை முழுதும் ஒப்பவில்லை. பெட்டியின் கதவு கழன்று ஓராண்டாகியிருந்தது. பஞ்சாயத்துக்கும் அது தெரியும். பார்வையிடச் சென்ற நமக்கும் தெரியும். மின்வாரியத்தின் சர்வீஸ் இணைப்பு முடியும் இடத்திற்கு அப்பால் உள்ள சுவிட்சும் ஸ்டார்ட்டரும் இணைப்புக்கு உரியவரின் பொறுப்பு. பம்பு அறையில் பஞ்சாயத்து, கிணற்றடியில் விவசாயி. பழுது பார்ப்பதை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, விபத்தை மின் ஆய்வாளருக்கு அறிவிக்கச் சொல்கிறது.

மெயின் சுவிட்சை அணைத்து, கட்டைகளைக் கழற்றித் தம் வசமே வைத்துக்கொண்டு, டெஸ்ட் விளக்கால் மூன்று பேஸையும் சோதித்த பின்னரே பெட்டியில் கை வைக்கலாம். சுவிட்சை அணைத்தாலும் அதற்கு மின்சாரம் வந்து சேரும் முனைகளில் மின்சாரம் உண்டு. அங்கே பழுதாயின் மின்வாரிய ஊழியரை அழைப்பதே முறை. மீண்டும் போடும்பொழுது கதவை மூடி, எதிரே நில்லாது பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்க. பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டும், பருத்தியே நன்று. கைத்தறிக்கும் அது ஆதரவாகும்! தீப்புண்ணில் மையோ பற்பசையோ தடவாமல், 20 நிமிடம் தூய நீரூற்றிக் குளிர்வித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

அவ்வூர்ப் பெட்டிக்கு இப்பொழுது கதவு வந்துவிட்டது. உரிய பியூஸ் கம்பியும் சுருளாக இருக்கிறது. இயக்குபவரின் வலக்கை விரல்கள் இன்னும் முழுதும் மடங்கவில்லை.