குளிரில் மக்கர் செய்யும் கார் ஸ்டீரியோ

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் ஸ்டீரியோவுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இன்றைய கார் ஸ்டீரியோவும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்குள் பிராசசர், மெமரி, திரை எல்லாம் இருக்கின்றன. பென் டிரைவில் உள்ள ஃபைல்களைப் படிக்கும் சாஃப்ட்வேரும் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தும் பல விஷயங்கள் அதற்கும் பொருந்தும்.

போன டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து குடும்பத்தோடு ஊட்டிக்குக் காரில் போயிருந்தோம். இரவு அறைக்குப் போக மனமில்லாமல், காரிலேயே உட்கார்ந்து நானும் தம்பியும் நான்கு மணி நேரம் பாட்டுக் கேட்டோம். என்ஜினை ஆஃப் செய்திருந்தோம். சாவி மட்டும் ஒரு திருகு திருகிய நிலையில் இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி பாட்டுக் கேட்டீங்களா சார்?" அவர் ஜீப்பிலேயே அம்மாவைக் கூட்டிப்போனோம். அம்மா நலமாகிவிட்டார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் நான்!

பழி யார் மீது?

குளிர் ஸ்டீரியோவின் சிப்களைக் கெடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எங்கள் ஒரகடத்தில் 2010-ல் உற்பத்தி தொடங்கிய நிஸான் மைக்ரா கார்கள், எண்ணூர் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. நம் ஊர் வெயிலில் உருவான வண்டி அங்கே பனியில் ஓட வேண்டும். அதனால்தான் காருக்கான சிப்களுக்கு ஏஇசி க்யூ100 என்று தனித் தர அளவே இருக்கிறது. இதன்படி பெரும்பாலான சிப்கள் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலும் வேலை செய்ய வேண்டும். சாதாரண வீட்டுச் சாதனங்களின் சிப்களுக்கு 0 முதல் 70 டிகிரி வரைதான் கணக்கு. ஆகவே ஊட்டிக் குளிர் ஸ்டீரியோவின் சிப்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது.

1. பேட்டரி

உங்கள் யுபிஎஸ்-க்குள் இருப்பதும் காரில் இருப்பதும் ஒரே வகை, லெட் ஆசிட் பேட்டரி. உள்ளே நடக்கும் ரசாயன மாற்றம் குளிரில் மந்தமாகிவிடும். 0 டிகிரியில் அதன் திறனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

ஒரு சின்ன கணக்குப் போடுவோம். சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோ 3 ஆம்பியர் எடுத்தால் நான்கு மணி நேரத்தில் 12 போய்விடும். அதாவது மூன்றில் ஒரு பங்கு. நம் ஊர் வெப்பத்தில் மீதியை வைத்து வண்டி கிளம்பிவிடலாம். ஊட்டியில் அப்படி அல்ல. குளிரில் என்ஜின் ஆயில் கெட்டியாகிவிடுவதால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கூடுதல் சக்தி தேவை. சாதாரணமாகவே அது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சக்தி அதிகம் தேவைப்படும் நேரத்தில் பேட்டரி பலவீனமாக இருக்கிறது. எங்களுக்கு நடந்தது இதுதான். பேட்டரி பழையது என்றால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

காலையில் முதலில் என்ஜினைக் கிளப்புங்கள். பிறகு ஸ்டீரியோவை ஆன் செய்யுங்கள். இரவில் என்ஜின் ஆஃப் ஆன நிலையில் அரை மணி நேரத்துக்கு மேல் பாட்டு வேண்டாம்.

2. திரை

திரையில் இருக்கும் திரவப் படிகம் குளிரில் மெதுவாக நகரும். எழுத்துக்கள் மங்கலாகத் தெரியலாம்; ஒரு படம் போய் அடுத்தது வரும்போது நிழல் போல இழுக்கலாம். இது ரிப்பேர் அல்ல. கார் சூடானதும் தானாகச் சரியாகும். அவசரப்பட்டு டச் ஸ்கிரீனை அழுத்தி அழுத்திக் குத்தாதீர்கள்.

3. ஈரம்

உண்மையான எதிரி இதுதான். குளிர்ந்த சோடா பாட்டிலின் வெளியே நீர்த்துளி படிவதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த காரில் ஹீட்டரைப் போட்டதும் சிடி பிளேயரின் லென்ஸிலும் அப்படியே பனி படியும். லேசர் ஒளி சிதறி, சிடியைப் படிக்க முடியாமல் 'எர்ரர்' காட்டும். சிடியை வெளியே எடுத்துவிட்டு சுமார் ஒரு மணி நேரம் காத்திருங்கள். ஈரம் காய்ந்ததும் பாடும். லென்ஸைத் துணியால் துடைக்கப் போகாதீர்கள்.

இதே விதி லேப்டாப்புக்கும் உண்டு. இரவெல்லாம் குளிர்ந்த காரில் கிடந்த லேப்டாப்பை அறைக்குக் கொண்டுவந்தவுடன் ஆன் செய்யாதீர்கள். பையை மூடியபடியே வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகு திறங்கள்.

4. ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் குளிரில் விறைப்பாகும். பேஸ் ஒலி குறைவாகக் கேட்கும். உடனே வால்யூமைக் கூட்டாதீர்கள். பத்து நிமிடம் மெல்லிய ஒலியில் பாடவிடுங்கள்.

புறப்படும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரில்

பல பென் டிரைவ்களுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் வேலை வெப்பநிலை 0 டிகிரியில்தான் தொடங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் அது எல்லைக்கு வந்துவிடும். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டுவதால் மறுபக்க எல்லையும் தூரத்தில் இல்லை. எனவே காரில் வைப்பது நகலாக மட்டுமே இருக்கட்டும். குழந்தையின் மழலை, தாத்தாவின் குரல் போன்ற திரும்பக் கிடைக்காதவற்றின் மூலப் பிரதி வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும்.

தயார் செய்யும் முறை இதோ:

* 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த பென் டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளவற்றைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்யுங்கள். அடுத்து செய்யப்போவது எல்லாவற்றையும் அழித்துவிடும்.
* பென் டிரைவின் ஐகானில் ரைட் க்ளிக் செய்து 'ஃபார்மேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஃபைல் சிஸ்டம்' கட்டத்தில் 'ஃபேட் 32' என்பதைத் தேர்வு செய்து 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். பல கார் ஸ்டீரியோக்கள் என்டிஎஃப்எஸ் வகையைப் படிப்பதில்லை.
* எம்பி3 பாடல்களை ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்யுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 1 எம்பி போதும்.
* 'எஜெக்ட்' கொடுத்த பிறகே பென் டிரைவைப் பிடுங்குங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை

பேட்டரி இறங்கிவிடும் என்று பயந்து, என்ஜினை ஓடவிட்டபடி மூடிய காருக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தால் அறவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பேட்டரி இறங்கினால் ஜீப்காரர் யாராவது கைகொடுப்பார். இதற்கு யாரும் கைகொடுக்க முடியாது.

இந்தக் குளிர்காலத்தில் மலைக்குப் போகிறீர்களா? பாட்டை அறையில் செல்போனில் கேளுங்கள். காரின் பேட்டரியைக் காலைக்கு மிச்சம் வையுங்கள்.