மக்கும் பை எங்கே மக்கும்?

பிளாஸ்டிக் பை ஒன்று மக்கக்கூடியதா என்பதை இந்தியாவில் தீர்மானிப்பது ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக் தடைக்கு உள்ளானபின், ‘மக்கும்’ என்று அச்சிட்ட பைகள் சந்தைக்கு வந்தன. அவற்றை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும்.

சோதனையில் முதலில் கன உலோகங்களின் அளவு பார்க்கப்படும். அடுத்து, பொருளை நன்கு மட்கிய எருவில் கலந்து, ஈரமும் காற்றும் கொடுத்து, 58 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன வெளியேறும் கரியமில வாயுவை அளப்பார்கள். பொருளிலுள்ள கார்பனில் 90 சதவீதம் 180 நாளுக்குள் வாயுவாகிவிட வேண்டும். தனியே 12 வாரம் மட்கவைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக்கூடாது. கடைசியாக, அந்த எருவில் விதை போட்டு முளைப்பும் வளர்ச்சியும் குறைகிறதா என்று பார்ப்பார்கள்.

மூலப்பொருள் தாவரமா, பெட்ரோலியமா என்பது வேறு சோதனை. பெட்ரோலியத்தில் கார்பன்-14 மிச்சமிருக்காது. கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும். ஆனால் கரும்பிலிருந்து செய்த பாலித்தீனும் சாதாரணப் பாலித்தீனைப் போலவே மக்காது. பெட்ரோலியத்திலிருந்து வரும் சில வகைகளோ மக்கும்.

சிக்கல் அந்த 58 டிகிரியில்தான். மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. ஏறக்குறைய 60 டிகிரியில்தான் இளகும். அதன்பிறகே அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் வேகமாக அறுபடும். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவிலுள்ள அனுமந்தன்பட்டியில், திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிழலும் ஈரமுமாகக் கிடக்கும் மண் அந்தச் சூட்டை எட்டாது. வீட்டு எருக்குழியும் மாதக்கணக்கில் அப்படிக் கொதிக்காது. வாய்க்காலில் விழும் பைக்கு இந்தச் சான்றிதழ் எந்த உறுதியும் தருவதில்லை.

பேரூராட்சிகளின் வளம் மீட்புப் பூங்காக்களுக்குப் பைகள் முறையாகப் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது தயாரிப்பாளர் தரப்பு வாதம். வயலில் கிழிந்து கிடப்பதைப் பொறுக்கி அங்கே யார் கொண்டுபோவது?

களையை அடக்கவும் ஈரம் காக்கவும் பாத்தியில் விரிக்கும் மல்ச்சிங் ஷீட் இதைவிடப் பெரிய கவலை. அறுவடை முடிந்து இழுக்கும்போது அது நாராகக் கிழிந்து சொட்டுநீர்க் குழாயைச் சுற்றிக்கொள்கிறது. மிச்சம் அடுத்த உழவில் மண்ணுக்குள் போகிறது. மக்கும் ஷீட் என்று வாங்கினாலும், அது எருவில் சோதிக்கும் 17088 தரத்தில் மட்டும் தேறியதென்றால் நிலத்தில் மக்கும் என்ற உறுதி இல்லை. நிலத்துக்கெனத் தனித் தரம் உண்டு. 2018-இல் வந்த ஐரோப்பாவின் இ.என். 17033-இல் சோதனை மண்ணிலேயே நடக்கிறது: 20 முதல் 28 டிகிரி சூட்டில், இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். பண்ணைச் சூழலுக்கு ஒத்துவருவது இந்த அளவுகோல்.

இந்தியாவிலும் 2024 விதித் திருத்தம், உயிர்வழிச் சிதையும் பிளாஸ்டிக் மண், நன்னீர், கடல் போன்ற குறிப்பிட்ட சூழலில் நுண்துகள் விடாமல் சிதைய வேண்டும் என்கிறது. எனவே ஷீட்டோ நாற்றுப் பையோ வாங்கும் விவசாயி பார்க்க வேண்டியவை மூன்று: தர எண், சோதித்த சூழல், ஆகும் காலம். இவை அச்சிடப்படாத ‘மக்கும்’ பொருளைக் குப்பையாகவே எண்ணிச் சேகரித்து அகற்றுவதே நிலத்துக்குப் பாதுகாப்பு.